எஸ்.என்.எம்.பி. பிழைக்குறியீடுகளின் வரலாறு

ரவுட்டர், சுவிட்ச் போன்ற பிணையக் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கப் பயன்படும் நெறிமுறை எஸ்.என்.எம்.பி. கண்காணிப்பு மென்பொருள் கேள்வி அனுப்பும். கருவிக்குள் இயங்கும் முகவர் நிரல் விடை தரும். விடை தர இயலாதபோது அதற்கான காரணத்தை ஓர் எண்ணால் குறிக்கும். அந்த எண்ணே பிழைக்குறியீடு. விடை ஏன் வரவில்லை என்பது தெளிவாகாவிட்டால், நலமாக இயங்கும் கருவி பழுதானதாகவும், பழுதான கருவி நலமாக இருப்பதாகவும் தோன்றக்கூடும்.

முதல் பதிப்பு

1987 நவம்பரில் வெளியான எஸ்.ஜி.எம்.பி. இதன் முன்னோடி. அதை உருவாக்கிய ஜேம்ஸ் டேவின், ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால் ஆகிய நால்வரே 1988இல் எஸ்.என்.எம்.பி.யையும் வரையறுத்தனர். அதன் முதல் பதிப்பு 1990 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1157 ஆவணத்தில் நிலைபெற்றது. முகவர் நிரல் இயன்றவரை எளிமையாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 484 பைட்டுக்கு மேற்பட்ட செய்தியை ஏற்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

இந்தப் பதிப்பில் 0 முதல் 5 வரை ஆறு குறியீடுகளே இருந்தன. பிழையில்லை என்பது 0, விடை அளவு மீறியது என்பது 1, அப்படியொரு பெயர் இல்லை என்பது 2, தவறான மதிப்பு 3, படிக்க மட்டும் 4, பொதுப்பிழை 5. இவற்றுள் 2ஆம் எண் அதிகக் குழப்பம் தந்தது. கேட்ட விவரம் கருவியில் இல்லாதபோதும், அதைப் பார்க்க அனுமதி இல்லாதபோதும், பட்டியல் முடிந்துவிட்டபோதும் அதே எண்தான் வந்தது. மாற்ற முடியாத மதிப்பை மாற்ற முயன்றாலும் 2தான். 4ஆம் எண் பெயரளவில் மட்டுமே இருந்தது. மேலும், ஒரே கேள்வியில் பத்து விவரங்களைக் கேட்டு அவற்றுள் ஒன்று இல்லாவிட்டால், மற்ற ஒன்பதுக்கும் விடை கிடைக்காது. பிழை எத்தனையாவது விவரத்தில் என்பதை மட்டும் முகவர் சொல்லும். மென்பொருள் அதை நீக்கிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும்.

இரண்டாம் பதிப்பு

1993இல் வெளியாகி 1996இல் திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு, குறியீடுகளை 18 வரை நீட்டித்தது. விவரம் இல்லாமை, பட்டியல் முடிவு ஆகியவை பிழை என்ற வகையிலிருந்து விலக்கப்பட்டு, அந்தந்த விவரத்துக்குரிய விதிவிலக்குகளாயின. இதனால் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற ஒன்பதும் கிடைத்தன. மதிப்பை மாற்றும்போது நேரும் பிழைகளும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. அவற்றுள் 15ஆம் எண் ஆபத்தானது: மாற்றம் முழுமையடையவில்லை, பழைய நிலைக்கும் திரும்ப முடியவில்லை என்பது அதன் பொருள்.

மௌனம்

எல்லாத் தோல்விக்கும் குறியீடு கிடையாது. எஸ்.என்.எம்.பி. பொதுவாக யு.டி.பி. வழியே செல்வதால் செய்தி வழியிலேயே தொலையலாம். முதல் இரு பதிப்புகளிலும் கடவுச்சொல் போன்ற சமூகப்பெயர் தவறானால் முகவர் விடையே தராது. கருவி அணைந்திருந்தாலும் அதே மௌனம்தான். 2002இல் முழுத் தரநிலையான மூன்றாம் பதிப்பு, அறியாத பயனர், தவறான சான்று போன்றவற்றை அறிவிக்கத் தனிச் செய்தி வகையைப் பயன்படுத்தியது.

கண்காணிப்பு மென்பொருளில்

டோபியாஸ் ஓட்டிக்கர் 1995இல் வெளியிட்ட எம்.ஆர்.டி.ஜி., விடை வராதபோது இயல்பாகக் கடைசியாகக் கிடைத்த மதிப்பையே மீண்டும் பதியும். விரும்பினால் பூச்சியமாகப் பதியச் செய்யலாம். முதல் வழியில் அறுந்த இணைப்பிலும் போக்குவரத்து ஓடுவதாக வரைபடம் காட்டும். இரண்டாம் வழியில் ஓடும் இணைப்பும் நின்றதாகத் தெரியும். அவரே 1999இல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.டூல், 'தெரியவில்லை' என்பதைத் தனி மதிப்பாகச் சேமித்து வரைபடத்தில் இடைவெளியாக விட்டது.