எல்லைக் கல்லும் வடிகாலும்



வரப்பை முன்வைத்து ஔவையார் அரசனை வாழ்த்திய கதையை நீங்கள் பள்ளியிலே படித்திருப்பீர்கள். வரப்பின் உயர்விலே நாட்டின் உயர்வு தொடங்குகிறது என்பது அதன் கருத்து. ஆயினும், ஒருவருடைய வரப்பு உயர்ந்தமையால் மற்றொருவருடைய பயிர் அழுகியதை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். அந்த வரப்பை உயர்த்தியவர் வேறு யாருமல்லர், என் தந்தையார்தாம்.

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊர்க் குளத்தின் கரையோரமாக எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதன் எல்லை வளைந்து நெளிந்து சென்றது. உழுவதற்கு அது இடைஞ்சல் என்று கருதி, என் தந்தையாரும் அடுத்த நிலக்காரரும் கலந்து பேசி, ஒருவர்க்கொருவர் சிறிது இடம் விட்டுக்கொடுத்து, எல்லையை நேராக்கிக்கொண்டனர். சங்கிலி பிடித்து அளந்தாயிற்று, கல் நட்டாயிற்று, புதிய வரப்பும் எழும்பிற்று. இருவருக்கும் மனநிறைவு.

ஐப்பசி மழை வந்தது. இருவருக்கும் அப்பால் இருந்த மூன்றாமவருடைய வயலில் தண்ணீர் தேங்கி நின்றது. அவர் வயலின் மிகை நீர் பழைய கோணல் வரப்பை ஒட்டிய சிறு வடிகால் வழியாகவே குளத்தை அடைந்து வந்தது. வரப்பு நேரானபோது அந்த வழி தூர்ந்துவிட்டது. இளம் சம்பாப் பயிர் ஒரு வாரம் நீரில் மூழ்கிக் கிடந்து அழுகிற்று. அவர் எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்து, “அண்ணா, உங்கள் எல்லை சரியாகிவிட்டது. என் தண்ணீர் எந்த வழியாகப் போவது?” என்று மட்டுமே கேட்டார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. மறுநாள் விடியுமுன் மண்வெட்டியுடன் சென்று புது வரப்பை வெட்டி விட்டார். தண்ணீர் வடிந்தது, ஆனால் அந்த ஆண்டு அவருக்கு விளைச்சல் இல்லை.

பிற்காலத்தில் நான் வரலாறு பயின்றபோது, அந்தக் கேள்விக்கு விடை தேடியே கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் புரட்டினேன். முதலாம் இராசராசன் 1001 ஆம் ஆண்டளவில் சோழ நாட்டை அளப்பித்தான். ஒரு வேலியை 5,242 கோடிக்கும் மேற்பட்ட பங்குகளாகப் பகுத்துக் கணக்கிட்ட நுட்பத்தைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிற் காணலாம். அதனினும் கருதத்தக்கது வேறொன்று. ஓர் ஊரின் நிலத்தைக் கூறுமிடத்து, ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை நீக்கிவிட்டு, எஞ்சிய நிலத்துக்கே வரி விதித்தனர். பலர்க்கும் பொதுவானது எவர் கணக்கிலும் சேரவில்லை. பிற்காலத்தில் இத்தகைய நிலத்தைப் ‘புறம்போக்கு’ என்றோம். வரிக்குப் புறம்பானது என்பதே அச்சொல்லின் பொருள். அதுவே வசைச்சொல்லாகிவிட்டது காலத்தின் கோலம்!

இனி, நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள ஆனைமங்கலத்துக்கு வாருங்கள். கடாரத்து அரசன் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில் அவ்வூரை வழங்கினான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரத்தைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. எல்லையை வகுத்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. பெண் யானையை எல்லை நெடுகிலும் நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நட்டு அடையாளம் செய்தனர். அத்துடன் நிற்கவில்லை. இவ்வூருக்காக வெளியூர் நிலத்தினூடே வரும் வாய்க்கால்களும், வெளியூருக்காக இவ்வூரினூடே செல்லும் வாய்க்கால்களும் முன்போலவே ‘பாயவும் வாரவும்’ வேண்டும் என்று விதித்தனர். பாய்தல் நீர் வருவது. வார்தல் நீர் வடிவது. அதே ஏட்டில், ஊருக்குரிய வாய்க்காலிலிருந்து பிறர் கிளை வெட்டவும் ஏற்றமிட்டு இறைக்கவும் கூடாது என்ற தடையும் உண்டு. ஆகவே அதை வெறும் கருணை என்று கொள்ள வேண்டா. எல்லையும் நீரும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டியவை என்ற தெளிவே அங்கு நாம் காண்பது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்விரண்டும் பிரிந்தன. மேட்டு நிலத்து நீர் இயல்பாக வடிந்து வருவதைத் தாழ்ந்த நிலத்தார் தடுக்கலாகாது என்பதை 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. எல்லையளப்பதற்கோ 1923 இல் தனியே ஒரு சென்னைச் சட்டம் தோன்றிற்று. கல்லுக்கு ஒரு சட்டம், நீருக்கு ஒரு சட்டம்! ஒன்றைப் பார்ப்பவர் மற்றொன்றை மறப்பது எளிதாயிற்று.

அந்த மறதியின் பெரிய உருவத்தைச் சென்னையிலே காணலாம். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே பரந்து கிடந்த நீண்ட ஏரியை 1920-களில் வடித்து, மனைகளாகப் பிரித்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். வளர்ந்து வந்த நகரத்துக்கு வீடுகள் தேவைப்பட்டன என்பது உண்மையே. 1976 இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப்பரப்பிலேதான் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தின் ஒரு பகுதிக்கு ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. மனைக்கு எல்லை வகுத்தவர்கள் மழைக்கு எல்லை வகுக்க இயலவில்லை. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கியபோது, எங்கள் திண்ணையில் கேட்ட கேள்வியே என் செவியில் ஒலித்தது.

ஏரிகளின் எல்லையை அளந்து காக்கவும், ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007 இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நன்று. எனினும், ஏரியின் கரையை மட்டும் காத்து, அதற்கு நீர் வரும் வழியையும் அதிலிருந்து நீர் போகும் வழியையும் மறந்தால் பயன் யாது?

உங்களிற் சிலர் நாளை பொறியாளர்களாகலாம். வருவாய்த் துறை அலுவலர்களாகலாம். புலப்படத்தில் நேர்கோடு ஒன்று வரையுமுன், பழைய கோடு ஏன் வளைந்தது என்று கேளுங்கள். அந்த இடத்தை மழைக்காலத்தில் ஒருமுறை சென்று பாருங்கள். கோட்டுக்கு இருபுறமும் உள்ளவர்களோடு நில்லாமல், அப்பால் உள்ள மூன்றாமவரையும் விசாரியுங்கள். எங்கள் குளக்கரை வரப்பு மீண்டும் கோணலாகவே கிடக்கிறது. என் தந்தையார் அதைப் பிறகு நேராக்கவே இல்லை.