இரைப்பை ஸ்லீவ் அறுவை சிகிச்சை

உடற்பருமனைக் குறைக்க, இரைப்பையின் முக்கால் பங்குக்கும் அதிகமான பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒடுங்கிய குழாயாக விட்டுவைக்கும் அறுவை சிகிச்சை. மருத்துவர்கள் ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி என்று எழுதுவார்கள். நோயாளிகளின் பேச்சில் ‘ஸ்லீவ் ஆபரேஷன்’. எடைக்குறைப்புக்கான பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைகளில் இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படுவது இதுதான். பெங்களூரில் பன்னேர்கட்டா சாலை, பழைய விமான நிலையச் சாலை, ஹெப்பாள், ஒயிட்ஃபீல்டு பகுதிகளில் உள்ள பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் இது நடக்கிறது. நகரத் தமிழர்களுக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து நோயாளிகளுக்கும் அருகில் உள்ள பெரிய மருத்துவ நகரம் பெங்களூரே.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சை வேறு, இது வேறு. 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயதுக் கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். அது ஸ்லீவ் அல்ல. கொழுப்பு உறிஞ்சுவது தோலுக்கு அடியில் இருப்பதை மட்டும் எடுத்து உருவத்தைத் திருத்துகிறது. சர்க்கரை நோயையோ பசியையோ அது தொடுவதில்லை. ஸ்லீவ் தோலடிக் கொழுப்பில் கை வைப்பதே இல்லை. செரிமான உறுப்பையே மாற்றியமைக்கிறது, அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது. சம்மதக் கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தார் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது.

செயல்படும் விதம்

சாதாரண இரைப்பை விரிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். ஸ்லீவுக்குப் பின் அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லி. பெங்களூர் தர்ஷினி உணவகங்களில் தரும் காபித் தம்ளரில் பிடிக்கும் அளவு. ஆனால் அளவு குறைவது பாதிக் கதைதான். வெட்டி எடுக்கப்படும் மேற்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். அந்தப் பகுதி போனதும் முதல் மாதங்களில் பலருக்குப் பசி என்பதே மறந்துபோகிறது. உணவு சிறுகுடலுக்கு விரைவாக இறங்குவதால் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனும் கூடுகிறது. எடை இறங்கத் தொடங்கும் முன்பே சிலருக்குச் சர்க்கரை அளவு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முறை தனிச் சிகிச்சையாகப் பிறந்ததல்ல. குடலின் பாதையையும் மாற்றும் டியோடினல் சுவிட்ச் என்ற பெரிய அறுவை சிகிச்சையின் முதல் பகுதியாக இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, நியூயார்க்கில் பணியாற்றிய கனடிய மருத்துவர் மிஷெல் கான்யேயின் குழு, மிக அதிக எடை உள்ளவர்களுக்கு முழு அறுவையையும் ஒரே நாளில் செய்வது ஆபத்து என்று கருதி, இரைப்பை வேலையை மட்டும் லேப்ராஸ்கோப்பி மூலம் முடித்துக் குடல் வேலையைத் தள்ளிவைத்தது. முதல் கட்டத்திலேயே பலருக்கு எடை நன்றாக இறங்கியது. இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பி வரத் தேவையில்லாதவர்களைப் பார்த்த பிறகுதான் இது தனிச் சிகிச்சையாக நிலைபெற்றது.

யாருக்கு

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. மேற்கத்திய நாடுகளின் பழைய வரம்பு 40; சர்க்கரை போன்ற இணைநோய் இருந்தால் 35. இந்தியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும், குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதும் அதிகம். ஆகவே 2009இல் இந்திய மருத்துவர்களின் கருத்தொருமிப்பு வரம்பை 37.5, இணைநோயுடன் 32.5 என்று இறக்கியது. 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 32.5 என்பது சுமார் 88 கிலோ.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிஎம்ஐ 25ஐத் தாண்டிய பெண்கள் இந்திய அளவில் 24 விழுக்காடு, கர்நாடகத்தில் 30, தமிழ்நாட்டில் 40. இவர்களில் மிகச் சிலருக்கே அறுவை சிகிச்சை தேவை. உணவு, நடை, மருந்து ஆகியவற்றை முறையாக முயன்றும் எடை இறங்காதவர்களுக்கானது இது. எடைக்குறைப்பு ஊசிகளான மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தபின், ஊசி மருந்தை முதலில் முயலலாமா என்ற கேள்வி ஒவ்வொரு ஆலோசனையிலும் எழுவது நியாயமே. மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும்; அறுவை சிகிச்சையின் பலன் அதைவிட நீடிக்கிறது.

கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் ஏற்றதல்ல. ஒடுங்கிய குழாயில் அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயைப் பார்க்காமலே ஸ்லீவுக்குத் தேதி கொடுக்கும் இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது. நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்களுக்கு, குடலின் பாதையையும் மாற்றும் இரைப்பை பைபாஸ் அறுவை பொருத்தமாக இருக்கும்.

அறுவைக்கு முன்னும் அறுவை அரங்கிலும்

ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், இதயப் பரிசோதனை, குறட்டை விடுபவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை, உணவியலாளர், மனநல ஆலோசகர் என்று ஒரு சுற்று இருக்கும். புகைபிடிப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். கடைசி இரண்டு வாரம் சோறு, சப்பாத்தி, இனிப்பு எல்லாவற்றையும் குறைத்துப் புரதப் பானமும் காய்கறியுமாக இருக்கச் சொல்வார்கள். கொழுப்பேறிய கல்லீரலின் இடது மடல் இரைப்பையின்மேல் கவிந்து கிடக்கும். இந்த உணவால் அது சுருங்கினால்தான் மருத்துவருக்கு உள்ளே இடம் கிடைக்கும். பத்தியத்தை மறைத்து மீறுபவர் தம் அறுவையைத் தாமே கடினமாக்கிக்கொள்கிறார்.

முழு மயக்கத்தில், வயிற்றில் ஐந்து சிறு துளைகள் இட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமரா வழியாகப் பார்த்துச் செய்வார்கள். இரைப்பையின் வெளி வளைவை ஒட்டிய ரத்தக் குழாய்களை முதலில் அடைத்துப் பிரிப்பார்கள். பிறகு மயக்க மருத்துவர் வாய்வழியே விரல் தடிமனுள்ள ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்குவார். அந்தக் குழாய்தான் அளவுகோல். அதை ஒட்டியபடி, இரைப்பையின் கீழ்வாயிலிலிருந்து சில செ.மீ. தள்ளித் தொடங்கி மேலே வரை ஸ்டேப்ளர் நகரும். ஒவ்வொரு தடவையும் இருபுறமும் மூன்று வரிசை டைட்டானியம் பின்களைப் பதித்து நடுவில் வெட்டிக்கொண்டே போகும். ஐந்தாறு ஸ்டேப்ளர் தோட்டாக்கள் தீர்ந்ததும் வெட்டுண்ட பகுதி தனியே வந்துவிடும். ஒரு துளை வழியாகவே அதை வெளியே இழுத்துவிடுவார்கள். நீலச் சாயநீரை உள்ளே செலுத்தித் தையல்வரிசையில் எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது பல அரங்குகளில் வழக்கம். எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

அன்று மாலையே நடக்க வைப்பார்கள். கால் சிரைகளில் ரத்தம் உறையாமலிருக்க இதுவே முதல் மருந்து, ஊசியும் போடுவார்கள். வயிற்றுக்குள் எஞ்சிய வாயுவால் தோள்பட்டை வலிக்கும், குமட்டல் இருக்கும். மறுநாள் 30 மில்லி கோப்பையில் தண்ணீர் தருவார்கள். ஒரே மடக்கில் குடிக்க முடியாது. சப்பிச் சப்பிக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம், அலுவலகப் பணிக்கு இரண்டு வாரத்தில் போகலாம், பாரம் தூக்க மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிட்டுவந்த மாத்திரைகளை முதல் நாளிலிருந்தே மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும்.

உணவு

முதல் இரண்டு வாரம் திரவம்: பருப்புத்தண்ணி, தெளிந்த ரசம், மோர், இளநீர், புரதப் பவுடர். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. அதன்பின் குழைந்த சாதம், இட்லி, வேகவைத்த முட்டை. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம், அளவு மட்டும் கால் பங்கு.

முதல் இட்லியிலேயே புதிய வயிற்றின் சட்டங்கள் தெரிந்துவிடும். அரை இட்லியைப் பத்து நிமிடம் மென்று தின்றால் இறங்கும். பழைய வேகத்தில் இரண்டாவது வாய் போட்டால் நெஞ்சுக்குழியில் இறுக்கம், விக்கல், மூக்கில் நீர், பிறகு நுரை நுரையாக எச்சில் மேலே வரும். இவைதான் இனி ‘போதும்’ என்பதற்கான அடையாளங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேர இடைவெளி வேண்டும்.

நம் வீட்டுச் சாப்பாட்டின் பலவீனம் புரதம். நாளுக்கு 60 முதல் 80 கிராம் தேவை. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6, நூறு கிராம் பனீரில் 18 அளவுக்கு. ராகிக் கஞ்சி நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பி இருப்பவருக்குத் தசையும் முடியும் சேர்ந்தே போகும். தட்டில் முதலில் முட்டை, மீன், பயறு, பனீர், பிறகு காய், இடமிருந்தால் சோறு. ஒன்றை வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளும் பெங்களூர் உணவகங்களின் ‘பை டூ’ வழக்கம் இவர்களுக்குப் பெரிய உதவி. ஐஸ்கிரீம், மில்க்‌ஷேக், பழச்சாறு ஆகியவை குழாய்க்குள் தடையில்லாமல் வழுக்கி இறங்கும். எடை திரும்புவதற்கு இவை முக்கியமான வழி. மது முன்பைவிட வேகமாக ஏறும், அடிமைத்தனமும் எளிதில் வரும்.

ஆபத்துகள்

தையல்வரிசைக் கசிவு எல்லோரும் அஞ்சுவது. பழகிய கைகளில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே நேர்கிறது, பெரும்பாலும் உணவுக்குழாய் இணையும் மேல்முனையில். வீடு திரும்பிய பின்னும் நேரலாம் என்பதுதான் சிக்கல். நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், இடது தோளுக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் அதே மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் முதல் பத்து நாள் பெங்களூரிலேயே உறவினர் வீட்டில் தங்குவது புத்திசாலித்தனம்.

அதிகம் பேசப்படாத ஆபத்து, தொடர் வாந்தி. சில வாரங்கள் வாந்தி நீடித்தால் வைட்டமின் பி1 (தயமின்) தீர்ந்து மூளையும் நரம்பும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஊரில் பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நிலைமையை மோசமாக்கும்; முதலில் தயமின் ஊசி போட வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் தொடங்கி முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். பித்தப்பைக் கல் வரலாம். தோல் தொங்கும். நின்றுபோன மாதவிலக்கு சீராகிக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் ஒன்றரை ஆண்டு வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க.

எதிர்பார்க்கத்தக்க பலன்

முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் கால் பங்கு முதல் 30 விழுக்காடு வரை குறைவது வழக்கம். 110 கிலோ உள்ளவர் 80ஐ ஒட்டி வருவார். நீண்டகால உண்மைக்குப் பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வைப் பார்க்க வேண்டும். 2008 முதல் 2010 வரை 240 பேரைச் சேர்த்து, பத்தாண்டு முடிவை 2022இல் வெளியிட்டது. ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் கூடுதல் எடையில் சராசரியாக 43.5 விழுக்காட்டை இழந்த நிலையில் இருந்தார்கள். பைபாஸில் இது சுமார் 52. சர்க்கரை நோய் தணிந்தவர்கள் ஸ்லீவில் 26 விழுக்காடு, பைபாஸில் 33. உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவில் 31, பைபாஸில் 7. அதாவது பத்தாண்டில் சற்று எடை திரும்புகிறது, சர்க்கரை எல்லோருக்கும் போவதில்லை, நெஞ்செரிச்சல் பலருக்கு மிஞ்சுகிறது. ஆனாலும் வேறு வழியில் இவ்வளவு எடையை இவ்வளவு காலம் இறக்கி வைத்திருப்பது அரிது. ‘சர்க்கரை நிரந்தரமாகப் போகும்’ என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

மருத்துவமனையும் காப்பீடும்

சில லட்சம் ரூபாய் ஆகும்; ஒருமுறை மட்டுமே பயன்படும் ஸ்டேப்ளர் தோட்டாக்களின் விலை அதில் கணிசமானது. மலிவான பேக்கேஜ் என்பதற்காக இடம் தேர்ந்தெடுப்பது சரியல்ல. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் பேரியாட்ரிக் அறுவைக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்குப் பின் அதன் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளதா, இரவில் மயக்க மருத்துவர் இருப்பாரா, ஆண்டுக்கு எத்தனை ஸ்லீவ் செய்கிறார்கள், கசிவு வந்தால் அங்கேயே கையாள்வார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வகுத்த விதியின்படி, 18 வயது நிரம்பி, பிஎம்ஐ 40 இருந்தாலோ, கட்டுக்கடங்காத இரண்டாம் வகைச் சர்க்கரை, இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்கமூச்சுத் தடை போன்றவற்றுடன் 35 இருந்தாலோ இந்தச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் வராது. 165 செ.மீ. உயரமும் 92 கிலோ எடையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் உள்ளவரின் பிஎம்ஐ 33.8. இந்திய மருத்துவ அளவுகோல்படி அவருக்கு அறுவை தகும். காப்பீட்டு விதிப்படி தகாது. இந்திய உடலுக்கு இந்திய அளவுகோலைத் தன் மருத்துவர்களே வகுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட நாட்டில், காப்பீடு மட்டும் மேற்கத்திய எண்களைப் பிடித்துக்கொண்டிருப்பது அநீதி. ஆணையம் இதை மாற்ற வேண்டும்.