யப்பானிய நகரங்களும் ஆடரங்குகளும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோட்டையையும் கோயிலையும் கொண்டு அறிய முயல்வது பெருவழக்கு. நகர மாந்தர் ஓய்வுப் பொழுதிற் கூடி மகிழ்ந்த இடம் யாது, அதனை ஆள்வோர் எங்கே இருக்க இடங்கொடுத்தனர் என்னும் வினாக்களும் அவ்வரலாற்றை விளக்க வல்லன. யப்பானிலே கபுக்கி நாடகம் ஆற்று மணலிலிருந்து தலைநகரின் நடுவே வந்து சேர்ந்த கதை, அரசியலுரிமை இல்லாதிருந்த வணிகரும் கைவினைஞரும் நகரத்திலே தமக்கென ஓரிடம் தேடிக்கொண்ட கதையுமாகும்.

1603 ஆம் ஆண்டில் தொக்குகாவா இயெயாசு, சோகுன் என்னும் படைத்தலைமைப் பதவியை ஏற்று நாட்டை ஆளத் தொடங்கினார். அக்காலத்திலேயே கியோத்தோ நகரில் ஒக்குனி என்பாள் புதுவகை ஆடலொன்றை நிகழ்த்திப் புகழ் பெற்றாள். அந்நகரில் ஓடும் கமோ ஆற்றின் மணற்படுகையே இத்தகைய கூத்துகளுக்குக் களமாயிற்று. ஆதலின் கூத்தர், ‘ஆற்றுப்படுகையார்’ என்னும் பொருள்படும் பெயரால் இழித்துரைக்கப்பட்டனர். ஒழுக்கக் கேட்டைக் காரணங்காட்டி 1629 இற் பெண்கள் மேடையேறுவதை அரசு தடுத்தது. அவர்களுக்குப் பின் ஆடிய இளைஞரும் 1652 இல் தடுக்கப்பட்டனர். எஞ்சியவர் வளர்ந்த ஆடவரே. அழகை மட்டும் நம்பி நிற்க இயலாமையால் அவர்கள் நடிப்பையும் கதையையும் வளர்த்தனர். பெண் வேடம் புனையும் ஆடவர் கலை இவ்வாறே சிறப்புற்றது. தடை கலையை அழிக்காது அதன் போக்கை மாற்றியது எனலாம்.

வணிக நகராகிய ஒசாக்காவில் 1615 இல் வெட்டி முடிக்கப்பட்ட தோத்தோன்போரிக் கால்வாயின் கரை நாடகத் தெருவாயிற்று. அங்கே தக்கெமோத்தோ கிதாயூ 1684 இற் பாவைக்கூத்து அரங்கொன்றை நிறுவினார். அவ்வரங்கிற்காகச் சிக்காமத்சு மொன்சயெமொன் 1703 இல் எழுதிய நாடகமொன்றின் தலைவன் வீரனுமல்லன், வேந்தனுமல்லன். சோயாச் சாறு விற்கும் கடையில் ஊழியம் செய்தவன். எளிய நகரவாசியின் துயரமும் அவலச் சுவைக்கு உரியதாகும் என்பதை ஒசாக்கா மக்கள் தம் அரங்கிலே கண்டனர்.

சோகுன் ஆட்சியின் இருக்கையான எடோ, பதினெட்டாம் நூற்றாண்டிற் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகராகக் கருதப்படுகின்றது. சாமுராய் வகுப்பினர் பரந்த மனைகளில் வாழ, நகரவாசிகள் நெருக்கமான தெருக்களில் அடங்கினர். அவர்களது மகிழ்ச்சிக்கிடமான அரங்குகளின் வாயிலின்மீது, அரசின் அனுமதிக்கு அடையாளமாக முரசுக் கோபுரம் நின்றது. அனுமதி அளித்த கையே அதனைப் பறிக்கவும் வல்லதாயிருந்தது. 1714 இல் எசிமா என்னும் அரண்மனைப் பெண் அதிகாரி யமமுரா அரங்கிற்குச் சென்று காலந்தாழ்த்தித் திரும்பினாள். நடிகர் இக்குசிமா சிங்கோரோவுடன் அவளுக்குத் தொடர்புண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் தீவிற்கு நாடுகடத்தப்பட்டார். அவளும் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டாள். யமமுரா அரங்கு மூடப்படவே, நான்காயிருந்த பேரரங்குகள் மூன்றாயின.

1841 இல் இரண்டு அரங்குகள் தீக்கிரையாயின. அப்போது சிக்கனச் சீர்திருத்தங்களை நடத்திய அமைச்சர் மிசுனோ தடக்குனி, நாடகத்தை அடக்க அதனைத் தக்க தருணமாகக் கொண்டார். நகர நடுவர் தோயாமா ககெமோத்தோ அரங்குகளை அறவே ஒழிப்பதை எதிர்த்து நின்றார். முடிவில் அவை நகரின் ஓரமாகிய அசக்குசாவிற்குப் பெயர்க்கப்பட்டன. ஆயினும் விளைந்தது வேறு. கன்னோன் போதிசத்துவர் கோயிலுக்கு வந்த மக்கள் அருகிலிருந்த அரங்குகளையும் நாடினர், ஒதுக்கிடம் விழாக்களமாயிற்று. அரங்குகள் நீங்கிய பின்னரும் அசக்குசா அத்தன்மையை இழந்திலது. யப்பானின் முதல் நிலையான திரைப்பட அரங்கு 1903 இல் அங்கேயே திறக்கப்பட்டது.

சோகுன் ஆட்சி 1868 இல் வீழ்ந்தது. எடோ தோக்கியோ எனப் பெயர் பெற்றது. 1872 இல் மொரித்தா அரங்கு மீண்டும் நகர நடுப்பகுதிக்குத் திரும்பியது. 1887 இல் மெய்சிப் பேரரசரே கபுக்கியைக் கண்டுகளித்தார். ஆற்றுப்படுகையார் என இகழப்பட்டோரின் வழிவந்தோர் பேரரசர் முன்னிலையில் நடித்தமை சிறு மாற்றமன்று. 1889 இற் கபுக்கி அரங்கம் கின்சாப் பகுதியில் எழுந்தது. 1921 இல் நேர்ந்த தீ, 1923 இன் நிலநடுக்கம், 1945 இன் குண்டுவீச்சு என்பவற்றால் அழிந்தும் 1951 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றுள்ள கட்டடம் 2013 இல் திறக்கப்பட்டதாகும்.

ஆணைகள் அரங்குகளை இடம்பெயர்த்தன. மக்களின் விருப்பத்தை இடம்பெயர்க்க அவற்றால் இயலவில்லை. ஆள்வோர் வகுத்த நகர எல்லைகளை, கூத்துப் பார்க்கச் சென்ற மக்களின் காலடிகள் மெல்ல மெல்ல மாற்றியமைத்தன. யப்பானிய நகரங்களின் ஆடரங்குகள் உணர்த்தும் வரலாற்று உண்மை இதுவேயாம்.