உணர்ச்சியும் சுவையும்

ஒரே உணவு, உண்பவரின் மனநிலைக்கு ஏற்ப வேறு வேறாகச் சுவைக்கும். இது வெறும் மனப்பிரமை அல்ல. சுவை மொட்டுகள் வரை நீளும் உடலியல் நிகழ்வு.

இதற்கு அருமையான சான்று ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கிடைத்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள் முடிந்ததும், கொரின்னா நோயலும் ராபின் டாண்டோவும் சுமார் 550 ரசிகர்களிடம் எலுமிச்சை சார்பெட்டையும் உப்புக் கேரமல் ஐஸ்கிரீமையும் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். 2015இல் வெளியான முடிவு: வெற்றிக் களிப்பில் இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது, தோல்வியில் புளிப்பு மேலோங்கியது. முன்பே அவ்வளவாகப் பிடிக்காத சார்பெட், தோற்ற நாளில் இன்னும் பிடிக்காமல் போனது. செயற்கையாக வரவழைத்த சோகமல்ல, உண்மையான ஏமாற்றம் என்பதே இந்த ஆய்வின் பலம்.

காரணம் என்ன? செரட்டோனின், நாரட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் மனநிலையோடு சுவையுணர்வையும் ஆள்கின்றன.

பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 20 தன்னார்வலர்களுக்குச் செரட்டோனினைக் கூட்டும் மருந்து தரப்பட்டது. 27 சதவீதம் குறைவான சர்க்கரையிலேயே இனிப்பையும், 53 சதவீதம் குறைவான குவினைனிலேயே கசப்பையும் அவர்களால் உணர முடிந்தது. நாரட்ரினலின் கூடியபோது கசப்பும் புளிப்பும் கூர்மையாயின. இயல்பிலேயே பதற்றம் மிகுந்தவர்களுக்கோ கசப்பும் உப்பும் மந்தமாகத்தான் தெரிந்தன.