'என்கோ' என்று முடியும் பெயர்கள்

உக்ரேன் போர்ச் செய்திகளைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது என்னைத் தடுமாற வைத்தவை குடும்பப் பெயர்கள்தான். ஷெவ்சென்கோ, கோவலென்கோ, பொண்டரென்கோ, த்காசென்கோ. பொருள் தேடினால் ஒரு பழைய கிராமமே எழுந்து வருகிறது: சப்பாத்து தைப்பவர், கொல்லர், பீப்பாய் செய்பவர், நெசவாளர். 'என்கோ' என்றால் இன்னாரின் பிள்ளை. பண்ணையடிமையாகப் பிறந்து தேசியக் கவிஞரான தராஸ் ஷெவ்சென்கோ, பெயரளவில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் வாரிசு.

1649ஆம் ஆண்டுக் கொசாக் படைப் பதிவேட்டில் சுமார் 40,000 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 'என்கோ'க்கள் ஏராளம். மேற்குப் பகுதிகளில் அதே கொல்லரின் மகன் கோவல்சுக். 'ஸ்கி' பெரும்பாலும் ஊரைச் சுட்டியது. எனக்குப் பிடித்தவை கொசாக்குகளின் பட்டப்பெயர்கள். நெபிய்வோடா என்றால் 'தண்ணீர் குடிக்காதே' (வேறு எதைக் குடிப்பதாம்?). உபிய்வோவ்க் என்றால் 'ஓநாயைக் கொல்'.

ரஷ்யப் பேரரசுக் காலத்தில் சில பெயர்களோடு 'ஓவ்' ஒட்டிக்கொண்டது. மாவரைக்கும் மெல்னிக், மெல்னிகோவ் ஆனார்.

பெயரின் முடிவைப் பார்த்தே ஒருவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம் என நினைத்திருந்தேன். முடியாது. ரஷ்ய மேலவைத் தலைவர் வலென்டினா மத்வியென்கோ பிறந்தது உக்ரேனில். 'என்கோ' கணவர் வழி வந்தது. 2024 பெப்ரவரியில் உக்ரேன் படைகளின் தலைமைத் தளபதியான ஒலெக்சாண்டர் சிர்ஸ்கி பிறந்ததோ ரஷ்யாவின் விளாதிமிர் பிராந்தியத்தில். கொல்லப்பட்டவரின் பெயர் மட்டும் கிடைத்தால், இப்போது நான் பக்கத்தை ஊகித்து எழுதுவதில்லை.