பேசும் பொத்தானும் பேராக் காடும்

கம்பியில்லாக் கருவி ஒன்று பேசாமற்போனால், முதலில் நாம் குறைகூறுவது அக்கருவியையே. ஆயின் குறை பெரும்பாலும் அதனோடு இணைத்த மின்கலத்திலோ, கம்பியிலோ, விசையிலோ இருத்தல் கூடும். இவ்வுண்மையைப் பேராக் மாநில வரலாறே நமக்கு உணர்த்துகின்றது.

ஜப்பானியர் ஆட்சியில் ஈப்போவை அடுத்த பாப்பானில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசு அம்மையார், மறைவாக ஒரு வானொலியை வைத்து பிபிசி செய்திகளைக் கேட்டு வந்தார். கேட்க மட்டுமே வல்ல அக்கருவியை வைத்திருந்ததற்கும், போராளிகட்கு மருத்துவம் செய்ததற்கும், 1943-இல் சிறைப்பட்டுக் கொடுந்துன்பம் உற்றார்.

அதே ஆண்டு மே 24-ஆம் நாள், 136-ஆம் படைப்பிரிவைச் சார்ந்த ஜான் டேவிஸ் குழுவினர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கடற்கரையில் இறங்கினர். லிம் போ செங் நவம்பரில் வந்து சேர்ந்தார். இலங்கையிலிருந்த தலைமையகத்தோடு தொடர்புகொள்ளக் கருவிகள் இருந்தன. ஆனால் கனமான அவற்றை மலைக்காட்டு முகாமிற்குச் சேர்ப்பதே அரிதாயிற்று. மின்சாரம் இல்லாக் காட்டில் மின்கலத்திற்கு மின்னூட்டுவதும் பெரும்பாடாயிற்று. 1944 மார்ச்சில் லிம் போ செங் கோப்பேங்கில் பிடிபட்டார். ஜூன் 29-இல் பத்து காஜாச் சிறையில் உயிர் நீத்தார். கம்பியில்லாத் தொடர்பு கிட்டியதோ 1945-இன் தொடக்கத்திலேயாம். கருவி இருந்தும் அதற்குத் துணையாவன இன்மையால், ஒரு படைக்குழு நெடுநாள் ஊமையாயிற்று.

அக்கருவி தந்திக் குறிகளையே அனுப்பியது. அதே போர்க்காலத்தில் அமெரிக்கர் கையிலேந்திப் பேசும் எஸ்சிஆர்-536 என்னும் கருவியைப் படைக்கு அளித்தனர். அதன் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினாற் பேசலாம், விட்டாற் கேட்கலாம். ஒரே அலைவரிசையில் இரண்டும் ஒருங்கே இயலாமையின், இம்முறையைக் கண்டனர். இன்றைய வாக்கி டாக்கியிலும் அம்முறையே நிலவுகின்றது.

இக்கருவிக்குப் புறத்தே ஒலிவாங்கியும் காதொலியும் இணைக்குங்கால், பழைய இடர் புதுவடிவில் வரும். பலவகைக் கருவிகளில் 3.5 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் அளவுள்ள இரு செருகிகள் உள. அவ்விரண்டின் அடிப்பகுதி உலோகங்களும் ஒன்றோடொன்று இணைந்தால் கருவி பேசத் தொடங்கும். புறப்பொத்தான் செய்வது அவ்விணைப்பே. ஆதலின் இரண்டையும் ஒரே நிலக்கம்பியில் சேர்க்கும் கணினி முதலியவற்றோடு இணைத்தால், பொத்தானைத் தொடாமலே கருவி ஓயாது ஒலிபரப்பும். அவ்வலைவரிசையில் வேறு எவரும் பேசவியலாது. ஆபத்துக் காலத்தில் இதனினும் பெருங்கேடு யாது?

குறையறியும் வழி எளிது. புறக்கருவியைக் கழற்றுக, கருவியின் சொந்தப் பொத்தான் பேசுமாயின், குறை வெளியிலுள்ளது. செருகி முழுதும் உட்சென்றதா என நோக்குக. பின்னர் மின்தடைமானியால் அவ்விரு உலோகங்களையும் அளந்தறிக. பொத்தானை அழுத்துகையில் தடை ஏறக்குறையச் சுழியாகவும், விடுகையில் இணைப்பு அற்றதாகவும் இருத்தல் வேண்டும். எப்போதும் இணைந்தே இருப்பின், நிலக்கம்பிகளைப் பிரிக்க ஒலி மின்மாற்றியை இடையிடுக; எப்போதும் அற்றே இருப்பின், செருகியின் கழுத்தில் கம்பி ஒடிந்திருத்தல் கூடும்.

காட்டில் மின்கலமும், இன்று ஒரு சிறு கம்பியும் கற்பிக்கும் பாடம் ஒன்றே: கருவியைப் பழிக்குமுன், அதனோடு இணைந்தனவற்றை ஆராய்தல் வேண்டும்.