குழம்புத்தூள் கடல் கடந்த கதை

 

நம்ம முன்னோர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் வந்து இறங்கிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதே காலத்தில், பக்கத்திலேயே இருக்கிற காரைக்கால், புதுச்சேரியிலிருந்து மேற்கே போன கப்பல்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்றைக்கு அதைப் பார்ப்போம். ஒரு பாசார் வழியாகவே உள்ளே போவோம்.

கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு தீவு. இன்றும் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தது. அங்கே புவாந்தாபித்ர் என்கிற ஊரில் இரும்புத் தூண்கள் வைத்துக் கூரை போட்ட பழைய சந்தை ஒன்று இருக்கு. பட்டை, ஜாதிக்காய், மிளகாய், வெனிலா எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். விற்பவர்களில் பெரும்பாலும் பெண்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் தலையில் கட்டியிருப்பது கட்டம் போட்ட துணி. அதன் பெயர் என்ன தெரியுமா? ‘மதராஸ்’. நம்ம சென்னைப் பட்டணத்தின் பெயரேதான். சோழமண்டலக் கரையில் நெய்த இந்தத் துணி, நம் சனங்கள் போவதற்கு முன்னாடியே வியாபாரக் கப்பலில் அங்கே போய்விட்டது. இன்றைக்கு அதுதான் அந்தத் தீவுப் பெண்களின் பாரம்பரிய உடை.

அடுத்து, மஞ்சள் நிறத்தில் ஒரு தூள். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு சேர்த்து அரைத்தது. நம்ம வீட்டு அம்மாக்கள் கண்ணை மூடிக்கிட்டு மோந்து பார்த்தாலே என்னன்னு சொல்லிடுவாங்க. அங்கே அதுக்குப் பெயர் ‘கொலம்போ’. நம்ம ‘குழம்பு’ என்கிற சொல்தான் அப்படி மாறிப் போச்சு என்று பலர் சொல்கிறார்கள். இலங்கைத் தலைநகரின் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, அந்தத் தூள் போட்டுச் சமைத்த ஆட்டுக்கறி இன்று தீவு மக்கள் எல்லோருக்கும் சொந்தமான சாப்பாடு.

இந்தத் தூள் அங்கே எப்படிப் போச்சு? 1848-ல் பிரெஞ்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லை. அதனால் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டு இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். 1854 டிசம்பர் கடைசியில் ‘ஒரேலி’ என்கிற கப்பல் முதல் கூட்டத்தை அதே புவாந்தாபித்ர் துறையில் இறக்கியது. துறையிலிருந்து சந்தைக்கு நடந்தே போகலாம். 1889 வரைக்கும் சுமார் 42,000 பேர் போனார்கள். வட இந்தியர்களும் இருந்தார்கள், தமிழர்கள்தான் அதிகம். கடல் பயணமே மாதக்கணக்கில். நோயிலும் வேலைக் கொடுமையிலும் ஆயிரக்கணக்கில் இறந்து போனார்கள். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சப் பேர்தான்.

இருந்தவர்கள் சாமியை விடவில்லை. கபஸ்தேர் என்கிற ஊர்ப் பக்கம் சாங்சி என்ற இடத்தில் மாரியம்மன் கோயில் இருக்கு. அம்மனை அங்கே ‘மாலியெமேன்’ என்பார்கள். மதுரை வீரன் ‘மால்தெவிலேன்’ ஆகிவிட்டார். நம்ம தோட்டத்துக் கோயில் போலவே, கிடா வெட்டி, சமைத்து, எல்லோருக்கும் பரிமாறுகிறார்கள்.

அதே கபஸ்தேரில் 1863-ல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். அங்கேயே பிறந்த இந்தியர்களுக்குக்கூட ஓட்டுரிமை இல்லை என்றபோது, 1904-ல் வழக்காடத் தொடங்கினார். 1923-ல்தான் உரிமை கிடைத்தது. கிட்டத்தட்ட இருபது வருடப் போராட்டம். இந்தப் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் நின்றது. ஒன்று மட்டும் நிற்கவில்லை. பேச்சுத் தமிழ். துணி இருக்கு, குழம்பு இருக்கு, அம்மன் இருக்கா. ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. சாமி பாட்டு மட்டும் தமிழில், கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வந்தது. பாடுகிற பலருக்கு அர்த்தம் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாமல், ஊரோடு தொடர்பு அறுந்து, அவ்வளவு தூரத்தில் இதைக் காப்பாற்றியதே பெரிய விஷயம்.

நம்ம நிலைமை வேற. இங்கே கப்பல் போக்குவரத்து நீண்ட காலம் நிற்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளிக்கூடம் இருந்தது. இன்றும் தமிழ்ப்பள்ளி இருக்கு. அப்படி இருந்தும் நம்ம பிள்ளைகளில் சிலர் தேவாரத்தை ரூமி எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். குரல் அருமையாக இருக்கு. அர்த்தம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சமையலும் சாமியும் கையோடு கையாக அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். மொழி அப்படிப் போகாது, நாம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கணும். குவாதலூப் சந்தை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். அதனால் பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை பாடும் பாட்டில் வாரம் ஒரு வரிக்காவது வீட்டில் அர்த்தம் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் கோயிலில் எங்களைக் கேளுங்கள், பெரியவர்களிடம் கேட்டாவது சொல்கிறோம்.

எந்தக் கரையில் இருந்தாலும் நம் சனங்களை அம்மன் காக்கட்டும்.

 தாயே துணை.